கிராணி வண்டிக்கு வளைகாப்பு

ஊசிமலைத் தோட்டத்துக் கொல்லன் அம்மாசிக்கு எதிரி என்று ஒருவரும் கிடையாது. அதுவே அவனைப் பிடித்த வியாதி. யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பான். கேட்டதற்கு மேல் கொஞ்சம் செய்து கொடுத்துவிட்டு, அவர்கள் முகத்தில் சிரிப்பு வருகிறதா என்று பார்த்து நிற்பான். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியைத் தீட்டக் கொடுத்தால் பிடிக்கும் புதுத் தோல் சுற்றித் தருவான். மாட்டுவண்டிக்கு அச்சாணி கேட்டால் அதன் தலையில் ஒரு பூ அடித்துத் தருவான். சேலத்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்து மலாயாவில் கெடாவின் ரப்பர்க் காட்டில் இறங்கிய நாளிலிருந்து, பிறர் முகம் பார்த்தே அவன் காலம் ஓடியது. ஜப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருஷம் முந்திய கதை இது.

அவன் மனைவி மருதம்மாள் மலை நிரையில், சரிவில் வரிசையாக நின்ற ரப்பர் மரங்களில், பால் வெட்டினாள். தோளில் காண்டாக்கம்பு, கம்பின் முன்னால் ஒரு பால் வாளி, பின்னால் ஒரு பால் வாளி. அந்தச் சுமையோடு சரிவில் ஏறி இறங்கியே இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயின. மூன்றாவது தங்கி, வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. இதுவும் போய்விட்டால் அவள் பிழைக்கமாட்டாள் என்று அம்மாசி உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தான்.

தோட்டத்தில் பெண்ணுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். பால் வெட்டப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை வேலை. பழைய ஆயா ஊருக்குக் கப்பலேறிவிட, அந்த இடம் காலியாக இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்பது, தோட்டத்துக் கணக்கெழுதி ஆட்களுக்குப் பேர் போடும் கிராணியார் பரஞ்சோதியின் கையில் இருந்தது.

கிராணியார் அப்போது வேறு கவலையில் இருந்தார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தாம் ஓட்டிச் சலித்த சீமை மோட்டார் சைக்கிளை அவர் தலையில் கட்டியிருந்தார். மழை பெய்த செம்மண் தடத்தில் அது வழுக்கி, கூலிகள் குடியிருந்த லயத்துக்கு எதிரிலேயே அவரைக் கவிழ்த்துவிட்டது. வெள்ளைக் கால்சட்டை கிழிந்து, முழங்கால் தோல் உரிந்தது. லயத்தில் யாரோ சிரித்தார்கள். யார் என்று தெரியாததால், எல்லோருமே சிரித்ததாக அவர் வைத்துக்கொண்டார்.

மறுநாளே வண்டியை உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"டேய் அம்மாசி, இதுக்கு ரெண்டு பக்கமும் கார்டு போடணும். வண்டி சாஞ்சாலும் என் காலு தரையில படக்கூடாது. வெளங்குதா?"

"கால்காப்புங்களா ஐயா? ஆகட்டுங்க."

"கால்காப்போ கைகாப்போ, கெட்டியா இருக்கணும்."

அம்மாசி தலையைச் சொறிந்தான். "ஐயா, நம்ம மருதா மாசமா இருக்கு. அந்த ஆயா வேலைய..."

"மொதல்ல வண்டிய முடி. அப்பறம் பாக்கலாம்லா."

கட்டைவிரல் பருமன் கம்பியைக் காய்ச்சி, இன்ஜினுக்கு முன்னால் குறுக்கே ஓட்டி, இரண்டு பக்கமும் கால் மறையும் அளவுக்கு வளைத்தான் அம்மாசி. வண்டிச் சட்டத்தில் பிடிப்பு இறுகும் இடத்தில் பெயின்ட் உரியாமலிருக்கத் தோல் வார் வைத்தான். அதோடு நின்றிருக்கலாம். நிற்கிற கையா அது? கம்பியின் இரு முனைகளையும் வெளிப்பக்கம் நீட்டி, ஆட்டுக்கிடாய்க் கொம்பு போலச் சுருட்டிவிட்டான். யாரும் கேட்காத வேலை. கிராணியார் அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தபோது, அம்மாசிக்கு ஆயாக் கொட்டகைச் சாவியே கையில் விழுந்தாற்போல் இருந்தது.

லயத்தில் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? "பொண்டாட்டிக்கு வளைகாப்பு போடுறதுக்கு முன்னாடி கிராணி வண்டிக்குப் போட்டுட்டான்பா" என்றார்கள். மருதம்மாளும் சேர்ந்து சிரித்தாள்.

வண்டி முடிந்தும் கிராணியார் ஆயா வேலையைக் கொடுக்கவில்லை. பின்னால் சாமான் வைக்கக் கம்பித் தட்டு கேட்டார். செய்து கொடுத்தான். விளக்குக்குக் கம்பிவலை கேட்டார். அதையும் கொடுத்தான். சுங்கைப்பட்டாணி டவுனில் காஜா மைதீன் கடையில் ரப்பர்ப் பந்து வைத்த பித்தளை ஹாரன் ஒன்றை வாங்கி வந்து மாட்டச் சொன்னார். மாட்டினான். ஒவ்வொரு முறையும் "அடுத்த மாசம் பாக்கலாம்லா" என்றார். மனுஷனுக்கு எலும்புத் துண்டைக் காட்டி நாயை நடத்தத் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். துரையோ கிராணியோ வண்டியில் வந்தால், தடத்தில் போகிறவர்கள் ஓரமாக இறங்கி, அவர்களுக்கு முகம் காட்டித் தலை குனிந்து நிற்க வேண்டும். முதுகு காட்டினால் மரியாதைக் குறைவு. அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், பாதிக் கூலி போயிற்று. காண்டாக்கம்போடு நடக்கிறபோது கம்பு தடத்தின் போக்கிலேயே இருக்கும். முகம் காட்டத் திரும்பினாலோ கம்பு குறுக்கே வந்துவிடும், முன் வாளி தடத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். மரியாதை செய்கிறவள்தான் வழியை மறிப்பாள். முன்பெல்லாம் வாளி தம் முழங்காலில் இடிக்குமே என்று கிராணியார் வண்டியை மெதுவாக விடுவார். காலுக்குக் காப்பு வந்தபிறகு அவருக்கு என்ன பயம்? ஹாரனை அமுக்கிக்கொண்டு அதே வேகத்தில் பறந்தார்.

முதலில் மாட்டியது, மருதம்மாளோடு மலையில் பால் வெட்டும் ராக்காயியின் வாளி. கொம்புச் சுருள் வாளியின் கைப்பிடியைக் கோத்து இழுக்க, அவள் மண்ணில் உருண்டாள். பாலெல்லாம் தடத்தில் ஓடியது. கிராணியார் திரும்பியும் பார்க்கவில்லை. பால் நிறுக்கும் ஸ்டோரில் அளவு குறைந்ததற்கு அவளுக்கு அரைப்பேர் போட்டார். லயத்தில் அன்று யாரும் சிரிக்கவில்லை என்பதில் அவருக்குத் திருப்தி.

ராக்காயி சிராய்த்த முழங்கையோடு நேரே பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணே, அந்தக் கொம்ப அறுத்து எடுத்துருண்ணே. இன்னிக்கு நானு. நாளைக்கு யாரோ?"

"ஐயாவுக்கு அது ரொம்பப் புடிச்சிருக்கும்மா. எப்படிப் போயிக் கேக்குறது?"

"உன் கையால வச்சதுதானே? உன் கையால எடு."

"மருதாவுக்கு ஆயா வேல வந்துரட்டும். அடுத்த நாளே அறுத்துர்றேன்."

ராக்காயி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அவள் சொன்னது நியாயம் என்று அம்மாசிக்குத் தெரியும். அறுக்க ஒரு பொழுது போதாதா? ஆனால் கிராணியாரின் முகம் சுளித்துவிட்டால் மருதா மலையிலேயே கிடப்பாளே என்ற பயம் அவன் கையைக் கட்டிப்போட்டது.

ஏழாம் மாதம் பிறந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்று பேசி வைத்தார்கள். கண்ணாடி வளையல் வாங்கியாகிவிட்டது. மருதம்மாள் அதைத் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள்.

வெள்ளிக்கிழமை பால் எடுத்துக்கொண்டு மலையிலிருந்து அவள் இறங்கினாள். பின்னால் ராக்காயி வந்தாள். வளைவில் ஹாரன் கேட்டது. ராக்காயி கம்பையும் வாளிகளையும் போட்டுவிட்டுப் புதருக்குள் தாவினாள். மருதம்மாளுக்குத் தாவ முடியாத உடம்பு. அவள் வழக்கப்படி ஓரம் இறங்கி, திரும்பி, முகம் காட்டித் தலை குனிந்தாள்.

கொம்பு வாளியைக் கோத்தது. தோளோடு கம்பு சுழன்று அவளைத் தடத்தில் இழுத்துப் போட்டது. வண்டி அவள் தொடைமேல் ஏறி, சாய்ந்து, இரும்புக் காப்பின்மேல் பத்திரமாகப் படுத்தது. கிராணியாருக்கு ஒரு கீறல் இல்லை. "கண்ணு பொட்டையாடி?" என்று அவர் கேட்டதை ராக்காயி தன் காதால் கேட்டாள்.

கால் முறிந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலமே பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. அம்மாசி அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தான். அழக்கூட அவனுக்குத் தெரியவில்லை. யார் முகத்தைப் பார்ப்பது என்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை பட்டறை வாசலில் வண்டி நின்றது. ஒரு பக்கத்துக் காப்பு உள்வாங்கியிருந்தது. சுருளுக்குள் ரப்பர்ப் பால் உறைந்து, அதில் மருதம்மாளின் சேலைக் கிழிசல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"நிமித்தி வை. இன்னும் கொஞ்சம் கெட்டியாப் போடு" என்றார் கிராணியார்.

அம்மாசி உறைந்த பாலை நகத்தால் உரித்தான். கிழிசலை மடித்து மடியில் செருகிக்கொண்டான். பிறகு அரத்தைக் கையில் எடுத்து, அவரைப் பார்க்காமலேயே கேட்டான். "ஐயா, இந்தக் கொம்ப மட்டும் அறுத்துரட்டுங்களா?"

"எதுக்கு? அதுதான்டா வண்டிக்கே அழகு."

பட்டறையில் சம்மட்டி இருந்தது. காய்ச்சிய கம்பியும் இருந்தது. கதை சொல்கிற எனக்கே கை துறுதுறுக்கிறது. அம்மாசி அரத்தைக் கீழே வைத்தான்.

"ஆகட்டுங்க" என்றான்.

கிராணியாருக்கு மனம் இளகிவிட்டது. "நான் சொன்ன வாக்கு மாறமாட்டேன். எழுந்திரிச்சதும் உன் பொண்டாட்டிய ஆயாக் கொட்டகைக்கு அனுப்பு. இனிமே மலை ஏறவும் முடியாதுல்ல."

அப்படித்தான் மருதம்மாளுக்கு அந்த வேலை கிடைத்தது. கோணலாகக் கூடிய காலை நீட்டி உட்கார்ந்து, ஊரார் பிள்ளைகளின் தூளியை ஆட்டினாள். சாயங்காலத்தில் அம்மாசி வந்து அவளைத் தோள் கொடுத்து அழைத்துப்போவான். ஒருநாள் அவன் வரும்போது தடத்தில் ஹாரன் கேட்டது. மருதம்மாள் சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தூளிக் கயிற்றை விட்டாள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, வராத காலை இழுத்து இழுத்து, உட்கார்ந்தபடியே சாலைப் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தாள். அம்மாசியும் ஓரமாக இறங்கி நின்றான்.