டொரத்தியின் கண்ணாடிக்குடிலில் ஓர் அகத்தி

இங்கே வைகாசியில் குளிர் தொடங்குகிறது. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். ஒரு வைகாசியில் நான் ஒரு செடிக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தேன். ஓக்லண்டின் மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வாடகை வீட்டின் பின்புறம் முழங்கால் உயரத்துக்கு ஓர் அகத்திக் கன்று. மகளின் பழைய கம்பளியை அதைச் சுற்றிக் கட்டும்போது, பக்கத்து வீட்டு டொரத்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எழுபது வயது, கணவரை இழந்து தனியே இருப்பவர்.

"அதன் பெயர் என்ன?"

"அகத்தி."

"அகத்தா. என் சித்தியின் பெயர்," என்று சிரித்தார். "கடையில் வாங்கியதா?"

நான் தலையை ஆட்டினேன். எப்படியும் எடுத்துக்கொள்ளக்கூடிய எங்கள் தலையாட்டல். அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

விதை வந்த வழி வேறு. முந்திய மார்கழியில் அக்காவைப் பார்க்கக் கொழும்புக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, இங்கு வருவதற்கான விசாவை எதிர்பார்த்து ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார். புறப்படும்போது சில விதைகளைக் கடதாசியில் மடித்துத் தந்தார். "கந்தசஷ்டிப் பாரணைக்கு அங்க அகத்தி இல்லையாம். நட்டுவிடு. நான் வரேக்க வளர்ந்திருக்கும்." ஆறு நாள் விரதத்தை முடிக்கும் சோற்றோடு அகத்தியிலை இல்லாவிட்டால் அக்காவுக்கு விரதமே நிறைவேறாது. ஓக்லண்ட் விமான நிலையத்தில், விதை ஏதும் கொண்டுவருகிறாயா என்று கேட்ட படிவத்தில் 'நோ' கட்டத்தில் கோடிட்டேன். அப்போது ஒரு கணமும் யோசிக்கவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

டொரத்தியின் வளவில் ஒரு கண்ணாடிக்குடில் இருந்தது. அவர் கணவர் முப்பது வருடமாக வளர்த்த ஓர்க்கிட் செடிகள் அதில் இருந்தன. "அகத்தா என்னோடு இருக்கட்டும்," என்று தொட்டியைத் தூக்கிப் போனார். அந்த வெக்கையில் அகத்தி கூரையைத் தொட்டது. அவ்வருடப் பாரணைக்கு அவரே இலை ஒடித்துத் தந்தார். மாசியில் பூத்தது, பிறை பிறையாக வெள்ளைப் பூ. சந்தோஷம் தாங்காமல் ஒரு கொத்தைத் தன் தோட்டக் கழகத்தின் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். நான் ஈஸ்ட் டாமாக்கியில் வேலையில் இருந்தேன், எனக்குத் தெரியாது.

அங்கே யாரோ அந்தப் பூவைப் பற்றி அறிவித்திருக்கிறார்கள்; அடுத்த வாரம் வெளிநாட்டுச் செடி, விதைகளைக் கண்காணிக்கும் இரண்டு அதிகாரிகள் டொரத்தி வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் சமையலறை யன்னலால் எல்லாம் கேட்டது. விதை எங்கிருந்து வந்தது என்றார்கள். கடையில் வாங்கியது என்றார் டொரத்தி. எந்தக் கடை? அவர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார், ஒரு கணம்தான். பிறகு, "நினைவில்லை," என்றார்.

என் மனைவி சிவமலர் கையைப் பிடித்தாள். "போகாதேங்கோ. அக்கான்ர விசா இன்னும் முடிவாகாமக் கிடக்கு."

நான் போகவில்லை.

வந்த வழி தெரியாத செடி என்பதால், அதோடு நின்ற எதையும் விட்டுவைக்க முடியாது என்றார்கள். ஓர்க்கிட் தொட்டிகளும் கறுப்புப் பைகளுக்குள் போயின. டொரத்தி ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் பெயர்ச்சீட்டை உருவி மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவற்றில் இருந்தது கணவரின் கையெழுத்து.

ஆவணியில் அக்காவுக்கு விசா கிடைத்தது. மறுநாளே டொரத்தியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அன்றைக்கு வந்து சொல்லியிருந்தால், அகத்தாவை மட்டும் கொண்டுபோயிருப்பார்கள்," என்றார். பிறகு, "உன் அக்கா வருவதில் சந்தோஷம்," என்று நான் வெளியே போகக் கதவைத் திறந்துவிட்டார். அது மன்னிப்பா, கோபமா, வெறும் மரியாதையா என்று அந்த ஆங்கிலத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

ஐப்பசியில் அக்கா இங்கே விரதம் இருந்தார். பாரணையன்று காலை எங்கள் கேற்றில் ஒரு பை தொங்கியது. தோட்டத்தில் மிஞ்சும் சில்வர்பீட் கீரையை டொரத்தி தெருவில் எல்லோருக்கும் அப்படித் தொங்கவிடுவார், கதவைத் தட்டவில்லை. சிவமலர் அதைத் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்தாள். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, அகத்தியின் கசப்பைத் தேடுவதுபோல் மெல்ல மென்றார். மகள் இன்னும் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்குப் பாரணைக்கறி என்றால் இனி இதுதான்.

"ஆர் தந்த கீரை?" என்றார் அக்கா.

"பக்கத்து வீட்டு மனுசி."

"நல்ல மனுசியாக்கும். ஒருநாள் சோத்துக்குக் கூப்பிடன்."

நான் அக்காவின் தட்டிலும் மகளின் தட்டிலும் கீரை வைத்தேன். எனக்கு வைத்துக்கொள்ளக் கை வரவில்லை.