மோடத்துக்கு ஒரு நாள் லீவு

கவிதா, முகிலன் — இந்த வாரம் உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். வழக்கமாகப் படிக்கிற மற்றப் பிள்ளைகள் ஒட்டுக்கேட்டுக்கொள்ளட்டும். பெரியவர்கள் யாராவது படித்தால் சிரிக்காமல் படிக்கவும்.

ஆயுத பூஜையன்று அப்பா செய்த வேலையைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டீர்கள் என்று கேள்வி. சரி, என் பக்கத்தையும் கேளுங்கள்.

அன்று டயர் கடைக்கு லீவு போட்டிருந்தேன். என் ஸ்பேனர், ஜாக்கி, உங்கள் புத்தகங்கள், அம்மாவின் தையல் மெஷின் — எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி மேடைக்கு முன்னால் அடுக்கினேன். அன்று அதுகளுக்கு ஓய்வு. மறுநாள் காலை பூஜை முடிந்துதான் கையில் எடுக்க வேண்டும். இந்தத் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவிய நாளிலிருந்து நம் வீட்டு வழக்கம் அது. பால்மரம் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. வழக்கம் போகவில்லை.

அப்போதுதான் டிவி அலமாரி மேல் அது கண்ணில் பட்டது. ராத்திரி பகலாகக் கண் சிமிட்டிக்கொண்டு... பாவம். இந்த வீட்டில் அதிகம் உழைப்பது யார்? மோடம்தானே?

சுவிட்சை அணைத்தேன். அதற்கு நெற்றி எது என்று தெரியவில்லை. ஆன்டெனாவுக்குக் கீழே உத்தேசமாகப் பொட்டு வைத்தேன். சாமி மேடையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், பித்தளைத் தாம்பாளத்தில் உட்கார வைத்தேன்.

நீங்கள் பள்ளி விட்டு வந்தீர்கள். கவிதா போனைப் பார்த்தாள். மோடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அப்பா, மோடம் ஆயுதமா?”

“நீ ஹோம்வர்க் செய்யுறதே அதுலதானே. அப்ப ஆயுதம்தான்.”

“பிரிட்ஜுக்கும்தான் பொட்டு வச்சிருக்கீங்க. அத ஏன் ஆஃப் பண்ணல?”

“நாளைக்கு ஆக்க மீன் இருக்குலா உள்ள.”

முகிலன் விடவில்லை. “காலைல எலுமிச்சம்பழம் வாங்க மோட்டார் சைக்கிள்லதானே போனீங்க? அதுக்கு லீவு இல்லையா?”

மாட்டிக்கொண்ட அப்பாக்கள் என்ன செய்வார்கள்? சுண்டல் சாப்பிடச் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் பின்வாசலில் சரசு அக்கா. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். விரலெல்லாம் முறுக்கு மாவு.

“தம்பி, ஒங்க வீட்டு லைனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“இன்னைக்கு அதுக்கு லீவுக்கா.”

“அதுக்கு லீவு, சரி. எனக்கு லீவு இல்லையே.”

அக்கா கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுப் பலகாரம் செய்து விற்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆர்டர் எல்லாம் போனில்தான் வருகிறது என்பதும் தெரியும். அந்தப் போன் நம் மோடத்தில்தான் ஓடுகிறது என்பது தெரியாது. பாஸ்வர்டைக் கொடுத்தது யார்? நான் திரும்பிப் பார்த்தபோது கவிதா ரொம்பக் கவனமாகச் சுண்டலில் இருந்த தேங்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா மேல் தப்பில்லை. அவர் வீடு பள்ளத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக் குன்று டவரை மறைக்கிறது. வீட்டுக்குள் போனில் லைன் வராது. கோயில் வாசலுக்குப் போனால் வரும். ஆனால் அன்று அங்கே ஒலிபெருக்கியும் இருந்தது.

“மூணு மணிக்கு அந்தச் சீனப் பொண்ணு வீடியோ கால் பண்ணுது தம்பி. மிஸ் வோங். ஈப்போவுல கம்பெனி. ஆளுங்களுக்கெல்லாம் தீபாவளிக்கு முறுக்கு டின்னு குடுக்கணுமாம். அடுப்படி எப்பிடி இருக்குன்னு பாக்கணும்னுச்சு. நான் எடுக்கலன்னா வேற ஆளுகிட்ட போயிரும்.” விரலில் ஒட்டிய மாவை உரித்துக்கொண்டே சொன்னார்: “இது போச்சுன்னா திரும்ப நைட் ஷிப்டுதான்.”

மோடத்தை மேடையில் வைத்தபடியே பிளக்கைச் செருகி ஆன் செய்தேன்; சிம் கார்டு போட்ட மோடம், வேறு கம்பி வேண்டாம். விளக்கு எரிந்தது. அக்கா தன் அடுப்படிக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினார்: “ஒண்ணும் வல்ல தம்பி.”

எப்படி வரும்? வயர்லெஸ் என்றால் வயர் இல்லை என்றுதான் அர்த்தம். சுவர் இல்லை என்று அர்த்தம் இல்லை. மோடத்திலிருந்து போகிற அலை ஒவ்வொரு சுவரிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோகும். இரும்பும் பித்தளையும் குறுக்கே நின்றால் முட்டித் திரும்பும். நான் வைத்த இடத்தில் இரண்டு சுவர், குத்துவிளக்கு, சாமி படத்து வெள்ளித் தகடு... வேறென்ன வேண்டும்?

மோடத்தைத் தூக்கி வெளியே கொண்டுபோனால் காரியம் முடிந்தது. ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாளுக்கு முன்னால் எடுக்கலாமா? என் கை போகவில்லை. மணி மூன்றை நெருங்கிவிட்டது.

உங்கள் அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். “சாமியே ஊர்வலம் போவுது. மோடம் போனா என்ன?”

சொல்லிவிட்டுத் தாம்பாளத்தோடு தூக்கினார். எடுத்ததாகக் கணக்கில்லை; எழுந்தருளியதாகக் கணக்கு. முகிலன், நீதான் மணி அடித்துக்கொண்டு முன்னால் போனாய். நான் எக்ஸ்டென்ஷன் வயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். வயர்லெஸ் தொழில்நுட்பத்துக்கு வயர் பிடித்தவன் இந்தப் பேராக் மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சமையலறை ஜன்னல்வரை போனோம். அதற்கு நேர் எதிரே வேலிக்கு அப்பால் அக்காவின் அடுப்படி ஜன்னல். அம்மா தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் போன் அலறியது.

அக்கா அடுப்பைக் காட்டினார், எண்ணெயைக் காட்டினார், முறுக்கை உடைத்துச் சத்தத்தையும் காட்டினார். திடீரென்று மிஸ் வோங்கின் குரல் மலாயில் கேட்டது. பின்னால் ஜன்னலில் ஒரு அம்மா தட்டு வைத்துக்கொண்டு நிற்கிறாரே, தட்டில் இருப்பது மோடமா, அதற்கு ஏன் சிவப்புப் பொட்டு?

அக்கா ஒரு நொடி திரும்பிப் பார்த்தார். “ஹரி இனி ஹரி ஜாடி டியா” என்று அடித்துவிட்டார். இன்றைக்கு அதற்குப் பிறந்தநாளாம்.

போனுக்குள் ஒரே சிரிப்பு. அப்புறம், “ஓகே லா அன்ட்டி, யூ செய்ங்க” என்று தமிழையும் கொஞ்சம் கலந்துவிட்டார் மிஸ் வோங். அக்கா போனை வைத்துவிட்டு, மாவுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டார். அம்மா அப்போதுதான் தாம்பாளத்தை இறக்கினார். கையை உதறிக்கொண்டார். கனமாக இருந்ததாம்.

பிள்ளைகளே, ஒன்று கவனித்தேன். என் ஸ்பேனரை ஒரு நாள் மூடி வைத்தால் எனக்கு மட்டும்தான் வேலை நிற்கும். இந்தச் சின்னப் பெட்டியை மூடினால் வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய அடுப்போ அணைகிறது. கம்பி இருந்தாலாவது யார் வீட்டுக்குப் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். இது தெரிவதில்லை. ஆகவே அணைப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாமி காத்திருப்பார். மிஸ் வோங் காத்திருக்க மாட்டார்.

மறுநாள் பூஜை முடிந்து நீங்கள் பள்ளிக்கும் அம்மா சந்தைக்கும் போன பிறகு, மோடத்தை எடுத்தேன். டிவி அலமாரிக்குக் கொண்டுபோகவில்லை. அந்தச் சமையலறை ஜன்னலிலேயே, அக்கா வீட்டைப் பார்த்தாற்போல் வைத்தேன். பிறகு ஹாலில் என் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். பந்து விளையாட்டு வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் ஒரே ஒரு கோடுதான் காட்டியது.

போதும்லா.