எல்லாம் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு

கம்ப்யூட்டர் கட்டித் தரும் அவரைக் கடைத்தெருவில் எல்லோரும் ‘லிஸ்ட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். போர்டு, பிராசசர், மெமரி எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று லிஸ்ட் போட்டு மூன்று முறை டிக் அடிக்காமல் ஒரு பாகமும் வாங்கமாட்டார். பதினோரு வருடத்தில் அவர் கட்டிய ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை.

அன்று கட்டியது அக்காவுக்கு. வீடியோ எடிட்டிங்கில் அக்காவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. அன்று மாலை ஐந்து மணிக்குள் வீடியோவை அனுப்பாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அக்காவின் பழைய பெட்டி மெமரி போதாமல் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் தம்பி மெமரியிலேயே குறியாக இருந்து அறுபத்துநாலு ஜிபி போட்டார்.

ஸ்விட்சைத் தட்டினார். ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. மெமரியைக் கழற்றி மாட்டினார், கேபிளை மாற்றினார். கடைசியில் பிராசசர் வந்த அட்டைப்பெட்டியைப் படித்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தானாகப் படம் காட்டாத மாடல் அது. தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அதை அவர் வாங்கவே இல்லை.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றார் கடையில் காத்திருந்த அக்கா.

“உள்ள எல்லாம் நல்லா ஓடுதுக்கா. வெளிய காட்டத்தான் வழியில்ல.”

“உன்ன மாதிரியேன்னு சொல்லு. மணி ரெண்டாச்சுடா!”

தம்பி தன் கடைக் கம்ப்யூட்டரைத் திறந்து, அதிலிருந்த கார்டைக் கழற்றி மாட்டினார். திரை வெளிச்சமானது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு வேலையில் இறங்கினார்.

நாலே முக்காலுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. அப்போதும் தம்பி கடை வாசலில் நின்றபடி, “அந்தக் கார்டை எப்படிக்கா விட்டேன்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.