எட்டாவது கணினியின் ‘நலம்’

பொய்ச் சமிக்ஞை அனுப்பியவன் நான்தான். மலர்விழியின் நிரலில் ஒரு பிழையும் இல்லை!

உங்களிடம் சொல்கிறேன்... அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

கடல் பொங்கினால் பினாங்கின் கரையோரத் தெருக்களில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணிப்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. கடலை எட்டுத் துண்டாக்கி, வெவ்வேறு ஊர்களிலுள்ள எட்டுக் கணினிகளுக்குப் பகிர்ந்திருந்தோம். எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்ப்பவன் என்பதால், பணி ஓய்வுக்குப் பிறகும் என்னை வைத்திருந்தார்கள்.

எங்கள் கூடத்தில் இளையவளான மலர்விழி எழுதிய நிரல், கணக்கு ஓடும்போதே எட்டையும் கவனிக்கும். ஒவ்வொரு கணினியும் அதற்கு ‘நலம்’ என்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தாமதித்தால் அதன் வேலையை வேறொன்றுக்கு மாற்றிவிடும், யாரையும் கேட்காமல்!

என் பொறுப்பிலிருந்த எட்டாவது கணினி பழையது. மெதுவாக ஓடும், ஆனால் தவறியதில்லை. அதை மூன்று முறை ஒதுக்கியது அந்த நிரல்.

“அங்கிள், அதுவே பாத்துக்கும் லா. நீங்க போய் தே தாரேக் குடிங்க.”

“குடிச்சிட்டு வர்றதுக்குள்ள என் கம்ப்யூட்டர அது கொன்னுரும்!”

“கொல்லல, ரெஸ்ட் குடுக்குது. உங்களுக்கும்தான் குடுத்தாங்க, போனீங்களா?” சிரித்தாள்.

அவள் நிரல் ஏமாறுமா என்று பார்க்க, அன்றே ஒரு சிறு நிரல் எழுதினேன். கணக்கு ஓடினாலும் நின்றாலும் எட்டாவதிலிருந்து ‘நலம்’ போய்க்கொண்டிருக்கும்.

ஒருநாள் எட்டாவதில் கணக்கு நின்றது... ‘நலம்’ நிற்கவில்லை. கடைசியாகக் கிடைத்த பழைய நீர்மட்டமே வரைபடத்தில் ஏறிவிட்டது. சரிபார்ப்பதற்காக, ஏற்கெனவே வந்துபோன முந்தைய மழைப் பருவத்தின் வெள்ளத்தைத்தான் கணித்திருந்தோம். படத்தைப் பாகான் டாலாம் மக்கள் முன் விரித்தபோது ஓர் அம்மாள் எழுந்து எங்கள் தலைவரைக் கேட்டார்:

“என் அடுப்படியில முழங்கால் தண்ணி நின்னுச்சு. ஒங்க படத்துல காஞ்சு கெடக்கே தம்பி! நீங்க வந்து தொடச்சீங்களா?”

கூடமே சிரித்தது.

பழி மலர்விழியின் நிரல்மேல் விழுந்தது. என் நிரலை அதற்குள் அழித்திருந்தேன்.

“ஒரு எச்சரிக்கைகூட வரலயே அங்கிள்... எப்படி?” என்னைத்தான் கேட்டாள்!

“மெஷின நம்பினா இப்படித்தான்மா,” என்றேன்.

அவள் நிரலை நீக்கினார்கள். அவளும் போய்விட்டாள், புக்கிட் தெங்காவில் ஏதோ தொழிற்சாலையில் வேலையாம்.

மன்னிப்பா? கேட்க மாட்டேன்! யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் எதையும் சோதித்தே தீர வேண்டும். இன்றும் அதையே சொல்வேன். ஆனால் சோதித்தவன் அன்று ‘நான்தான்’ என்று கையைத் தூக்கியிருக்க வேண்டாமா? பயமா? அவள் சிரித்த சிரிப்பா? பதில் தெரியாமலில்லை... சொல்லத்தான் மாட்டேன்.

இப்போது அவள் நாற்காலியில் நான். எட்டையும் திரையில் கண்ணாலேயே பார்க்கிறேன். தலைவர் எட்டிப் பார்த்துக் கேட்கிறார். எல்லாம் சரி என்கிறேன்.

உடனே நம்பிவிடுகிறார்.