எர்மெலிந்தா விட்டுப்போன பாட்டு

மூன்றாவது வரி வந்ததும் செலதோனியோ பராசா கண்ணை மூடிக்கொள்வார். "எர்மெலிந்தா..." என்று இழுத்து, கித்தாரை நிறுத்தி, ஒரு பெருமூச்சு. முற்றத்தில் உட்கார்ந்து எம்பனாடா தின்பவர்களுக்கு அந்த இடத்தில் விழுங்க மனசு வராது. கண்ணாடி முன் நின்று பழகிய பெருமூச்சு அது.

மனுஷனுக்குப் பெண்டாட்டி உண்டு, மூன்று பிள்ளைகளும் உண்டு. அவர் சட்டைக்குக் கஞ்சி போடுகிற அந்த அம்மாளுக்குப் பாட்டில் அரை வரி கிடையாது. "நல்லா வாழறவன் பாட்டை எவன்டா கேப்பான்? மனசு ஒடியணும்டா, அப்பத்தான் அது சக்கரேராப் பாட்டு!" என்பார் மேளக்காரன் நிக்கனோரிடம். இருபத்திரண்டு வருஷமாக அந்த மனசு ஒடிந்தபடியே இருக்கிறது. தொப்பை மட்டும் தளதளவென்று வளர்கிறது.

பாட்டில் அவரைக் கைவிட்டு ஓடிய எர்மெலிந்தா எங்கும் ஓடவில்லை. இரண்டு தெரு தள்ளி ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். ரொட்டி வாங்க வருகிறவர்கள் அவள் காதுபடவே அந்த மூன்றாவது வரியை முணுமுணுப்பார்கள். அவளும் பொறுத்துத்தான் போனாள். போன வாரம் மகளுக்கு நிச்சயித்த பையனின் தாய், "ஓடிப்போறது உங்க குடும்ப வழக்கமோ?" என்று கேட்டுவிட்டாள். மகள் அழுத அழுகை இன்னும் ஓயவில்லை.

ஞாயிறு மதியம் செலதோனியோ வழக்கம்போலக் கண்ணை மூடினார். "ஆரோ!" என்று ஒரு குரல் எழுந்தது. அந்தச் சத்தம் கேட்டால் வாத்தியம் நிற்க வேண்டும். கத்தியவர் நாலு வரி சொல்ல, எதிராளி நாலு வரியில் பதில் சொல்லியாக வேண்டும். சந்தியாகோ ஊரில் இதை மீறியவன் கிடையாது. பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகினார்கள். இடுப்பில் கட்டிய மாவு படிந்த துணியோடு எர்மெலிந்தா நின்றாள்.

"பெட்டியோட பஸ்டாண்டில் பொழுதுசாய நின்னவ நான்;
எட்டிக்கூடப் பாக்காம எங்கேயோ போனவன் நீ;
விட்டுப்போனா பாவின்னு வீதியெல்லாம் பாடுறியே,
கெட்டிக்காரா, வந்தியான்னு கித்தாரைத் தொட்டுச் சொல்லு!"

ஒரு கிழவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். கூட்டத்தில் இருந்த அந்தப் பையனின் தாய் தட்டைக் கீழே வைத்தாள். கல்யாணம், சாவு என்று எதற்கும் நின்ற நிலையில் நாலு வரி கட்டுகிறவர் செலதோனியோ. இன்று "அடப்பாவி, இவளா வரணும்!" என்றுதான் மனசுக்குள் ஓடியது.

"சொல்லுங்கண்ணே, நாலே வரி. எல்லாரும் பாக்கறாங்க," என்றான் நிக்கனோர்.

செலதோனியோ தலையைக் குனிந்து, சுருதி சுத்தமாக இருந்த கித்தாரின் முறுக்காணியைத் திருக ஆரம்பித்தார்.