சந்தை நாளில் எங்கள் வாசலில் ஒரு சேர்

இன்று நான் சொல்லாமல் விட்டது: "தெருவை உங்களுக்கு யார் பட்டா போட்டுக் கொடுத்தது?"

கண் ஆபரேஷன் முடிந்த அம்மாவை விழுப்புரத்திலிருந்து காரில் கூட்டிவந்தேன். செஞ்சியில் இன்று சந்தை. தெரு முழுக்க வெளியூர் வண்டிகள்.

எங்கள் வாசலில் மட்டும் ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. அதன் நடுவில் எதிர்வீட்டு டெய்லர் அண்ணனின் கால் உடைந்த சேர். தன் கடைக்கு வருகிறவர்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த இடம் இல்லையென்றால், பஸ் ஸ்டாண்டு பக்கம் காரை விட்டுவிட்டு, அம்மாவைக் கூட்டத்துக்குள் நடத்தி வர வேண்டும்.

கோபத்தோடு காரை விட்டு இறங்கினேன். நான் வாயைத் திறப்பதற்குள், கழுத்தில் டேப்போடு அவரே ஓடிவந்தார்.

"இன்னா பாப்பா, இவ்ளோ நேரம்? காலைலேர்ந்து நாலு பேருகிட்ட சண்ட போட்டு உனுக்கு இடம் வச்சினு இருக்குறேன். ஒருத்தன் சேரையே தூக்கினு போவப் பாத்தான்!"

பின்சீட்டிலிருந்து அம்மா, "அதுல உக்காந்தா உளுந்துடுவானேப்பா" என்றார்.

"கண்ணத்தான் ஆப்ரேஷன் பண்ணாங்களா? வாய வுட்டுட்டாங்களாக்கா?"

நான் "தேங்க்ஸ்ண்ணா" என்று மட்டும் சொன்னேன். நல்லவேளை, அவர் என்னைவிட வேகமாகப் பேசுகிறவர்.

எங்கள் தெருவில் கால் உடைந்த சேர்தான் பார்க்கிங் பர்மிட். உங்கள் ஊரில் அதை எந்த ஆபீஸில் தருகிறார்கள்?

அம்மா ஆறே அடியில் வீட்டுக்குள் போய்விட்டார். டெய்லர் அண்ணன் தன் வாசலில் இடம் இல்லாமல், பைக்கை இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தார். சந்தை கலைந்த பிறகு நடந்து போய் எடுத்துவந்தார்.