எங்கள் தெருக் கூழில் கலந்த நஞ்சு

அம்பத்தூரில் கூழ் புளிக்கும். இந்தியாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் முதல் மடக்கில் என் நாக்கு பின்வாங்கத்தான் செய்கிறது. எங்கள் மன்னார்ப் பக்கத்தில் ஆடிக்கூழ் என்றால் அரிசி மாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்து இனிக்கும். ஆடி பிறக்கிற அன்று வீட்டுக்குள்ளேயே காய்ச்சி, பிலாவிலையை, பலா இலையைத்தான் அப்படிச் சொல்வோம், கோலிக் குடிப்போம். இங்கே கேழ்வரகை முதல்நாளே கரைத்துப் புளிக்க வைத்து, ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் வாசலில் தெருவுக்கே ஊற்றுகிறார்கள். தொட்டுக்கொள்ளப் பச்சை வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் உண்டு. கோயிலில் கருவாடா என்று முதல் வருடம் நான் வாயைப் பொத்திக்கொண்டதைப் பக்கத்து வீட்டு மோகனா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். "ஆத்தாவுக்கு மட்டும் நாக்கு செத்தா பூட்ச்சு, சப்புனு துன்றதுக்கு?" என்று அன்றே கேட்டவள் அவள்.

மன்னாரில் இருக்கிற என் சனங்களும், என்னைப் போலக் கடல் தாண்டி வந்து இங்கே ஒதுங்கியவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்களுக்கு முன்னால் பேச வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதுதான் துணிச்சல்.

நானும் மகள் பவானியும் வெளிப்பதிவில் இருக்கிறவர்கள். முகாமுக்கு வெளியே வீடு எடுத்துத் தங்க அரசாங்கம் அனுமதித்தவர்களை அப்படிச் சொல்வார்கள். பவானிக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், இங்கே எஸ்டேட் என்பார்கள், ஒரு தையல் கம்பெனியில் வேலை. இந்தக் காலமெல்லாம் நாங்கள் ஒரு சண்டையிலும் நின்றதில்லை. தண்ணீர் லாரிக்கு வரிசை நிற்கும்போதுகூடப் பின்னாலேயே நிற்போம். ஒரு வழக்கு, ஒரு புகார் என்று வந்துவிட்டால் அனுமதி போய்விடும், திரும்ப முகாமுக்கே அனுப்பிவிடுவார்கள் என்கிற பயம்தான்.

இந்த ஆடியில் மோகனா பவானியிடம், "யக்கா, உங்கூட்டு மாங்காச் சம்பலு கொஞ்சம் அரைச்சுக் குடேன், கூழுக்குத் தொட்டுக்கலாம்" என்று கேட்டாள். தெரு எங்களிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. பவானி விடிவதற்கு முன்பே எழுந்து, தேங்காயும் மாங்காயும் செத்தல் மிளகாயும் வைத்து ஒரு பெரிய பேசின் நிறைய அரைத்தாள். நான் பக்கத்தில் நின்று உப்புப் பார்த்தேன். அந்தப் பேசினைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகையில் அவள் நடந்த நடையைக் கல்யாணத்துக்குப் போகிற நடை என்றுதான் சொல்லவேண்டும்.

மத்தியானத்துக்குள் ஆட்கள் விழத் தொடங்கினார்கள். வாயில் எச்சில் வடிந்தது. வேர்வை கொட்டியது. கைகால் சதையெல்லாம் தானாகத் துடித்தது. மோகனாவின் மாமியார் கோயில் படியிலேயே சாய்ந்துவிட்டார். ஆட்டோவிலும் ஆம்புலன்சிலும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். சாயங்காலம் டாக்டர் ஒருவர் கேமராவுக்கு முன் நின்று, இது நரம்பைத் தாக்குகிற நஞ்சு, பூச்சி மருந்திலும் இருக்கும், போரில் வீசுகிற விஷ வாயுவும் இதே குடும்பம்தான் என்று சொன்னார். பூச்சி மருந்து என்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். போர் என்பதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று இரவு டிவியில் கட்டம் கட்டமாக முகங்கள். ஏரியில் கம்பெனிக் கழிவை விட்டதுதான் காரணம் என்றார் ஒருவர். எதிரி நாட்டுச் சதி என்றார் இன்னொருவர். கோயிலில் கூட்டம் சேரக்கூடாது என்று நினைக்கிறவர்கள் செய்தது என்று மூன்றாமவர் மேசையைத் தட்டினார். அப்புறம் அந்தப் பெண், நிகழ்ச்சி நடத்துகிறவள், "அந்தத் தெருவில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்களாமே, உணவு கொடுத்திருக்கிறார்களாமே" என்று கேள்வியாகவே கேட்டாள். கேள்விக்கு வழக்குப் போட முடியாது என்பார்கள். நான் டிவியை அணைத்தேன். பக்கத்து வீட்டு டிவியில் அதே குரல் சுவர் வழியாகக் கேட்டது.

எனக்குப் பழைய நாள் ஒன்று நினைவு வந்தது. எங்கள் ஊர்ச் சந்தையில் குண்டு விழுந்து சனம் செத்த அடுத்த நாள், யார் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்து, "மழை வரும்போலக் கிடக்கு" என்று கதைத்துக்கொண்டு பிணங்களை எடுத்தோம். பெயரைச் சொன்னால் அடுத்த குழி நமக்கு. இங்கே எல்லோரும் எல்லோரையும் சொல்கிறார்கள். யாரையும் சொல்ல முடியாத இடத்திலிருந்து தப்பி வந்தவள் நான். சொல்லப்படுகிற ஆளாக ஆவேன் என்று நினைக்கவில்லை.

மறுநாள் காலை போலீஸ் வந்து சம்பல் பேசினை எடுத்துக்கொண்டு போனது. வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பவானியைச் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். "எல்லா பேப்பரையும் எடுத்துனு வந்துரும்மா" என்றார். அவள் முகம் சுண்டிப் போயிற்று. தங்கச்சி மன்னாரிலிருந்து கூப்பிட்டாள். அங்கேயும் செய்தி போய்விட்டது. "என்னத்துக்கு அக்கா அங்கை கிடந்து சீரழியிறாய்? வந்திடு. இஞ்சை ஆரும் உன்னை அப்பிடிச் சொல்லாயினம்" என்று அழுதாள். ஓம் என்றுதான் சொன்னேன். அந்த நேரத்தில் அதை மனதாரச் சொன்னேன்.

ஸ்டேஷனுக்குப் போக நாங்கள் கதவைப் பூட்டும்போது தெருவில் இரண்டு கேமராக்காரர்கள் நின்றார்கள். ஒருவர் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"சம்பல்ல என்னம்மா போட்டீங்க?"

"செத்தல் மிளகாய்..." என்றேன்.

"செத்தல்னா? செத்ததா?"

காய்ந்த மிளகாயைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம் என்று பவானி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மோகனா தன் வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் விழித்த கண். தலைகூட வாரவில்லை.

"யோவ், அந்தக் கெழவிகிட்ட இன்னாத்துக்கு மைக்க நீட்டினுகீற? இந்தாண்ட நீட்டு." மைக் திரும்பியது. "எங்க மாமியாருக்குப் பல்லே கெடயாது. மாங்காயும் ஆவாது. அது சம்பலத் தொடவேல்ல. நான்தான் கூழு மட்டும் மொண்டு குட்த்தேன். அப்பறம் எப்டி அது கட்டில்ல கெடக்குது?"

கேமராக்காரர் எங்கிருந்து மொண்டீர்கள் என்று கேட்டார். அவள் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். அவள் வீட்டு வாசலில் அவள் புருஷன் ஏழுமலை வந்து நின்றார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கோயில் கூழ் வேலை முழுதும் அவர் பொறுப்புத்தான்.

"நீல ட்ரம்முலேர்ந்து" என்றாள் மோகனா. "கூட்டம் ஜாஸ்தின்னு அண்டா பத்தல. எங்க ஊட்டுக்காரரு எஸ்டேட்டாண்ட பழைய ட்ரம்மு கடையில வாங்கினு வந்தாரு. நான்தான் சோப்புப் போட்டுக் கழுவுனேன். அண்டாக் கூழு குடிச்சவங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. நேத்து ராத்திரியே எனக்குத் தெரியும். வாயத் தொறக்க பயம். இப்ப சொல்லிட்டேன்."

எங்கள் தெருவில் நீல ட்ரம் இல்லாத வீடு கிடையாது. கம்பெனிகளுக்கு மருந்தும் சாயமும் வருகிற ட்ரம்மைக் காலியானதும் பழைய சாமான் கடைகள் வாங்கி, லேபிளை உரித்து விற்கும். லாரித் தண்ணீர் பிடித்து வைக்க எல்லோரும் வாங்குவார்கள். என் வீட்டு வாசலிலும் ஒன்று நிற்கிறது. புளித்த கூழைச் சூட்டோடு அதில் ஊற்றி வைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கு யோசனை போகும்? புளிப்பு வாசனையில் வேறு வாசனை தெரியவுமில்லை.

ஏழுமலை ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. "வா போலாம்" என்று மோகனாவிடம் சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். ஸ்டேஷன் பெஞ்சில் இடம் இல்லாததால் நான்கு பேரும் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தோம். அன்றைக்கு அவர் வீடு திரும்புவாரா என்று தெரியாமல் மோகனா என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தன்னுடையது என்று நினைத்துப் பிடித்திருப்பாள்.

பிறகு எல்லாம் மெல்ல மெல்ல இளகியது. ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள், ஒரு உயிரும் போகவில்லை. மோகனாவின் மாமியார் கண் விழித்ததும் காப்பி கேட்டாராம். சம்பலில் ஒன்றும் இல்லை, ட்ரம்மின் அடியில் பூச்சி மருந்து ஊறிப் போயிருந்தது என்று பரிசோதனையில் வந்தது. ஏழுமலையை எச்சரித்து விட்டுவிட்டார்கள், கடைக்காரன்மேல் வழக்குப் போட்டார்கள். டிவிக் கட்டங்களில் வேறு சண்டை ஓடியது. எங்கள் பெயரை இழுத்தவர்கள் யாரும் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் தண்ணீர் லாரி வந்தபோது என் குடத்தை யாரோ வாங்கி முன்னால் வைத்தார்கள். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ் பேசினைத் திருப்பிக் கொடுத்தபோது பவானி அதைக் கழுவிக் கழுவி வைத்தாள். அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். தூங்கியதும் அன்றுதான். யார்மேல் யாரும் பழி சொல்லலாம் என்கிற நாடு பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்ன பழியைத் தெருவில் நின்று மாற்றிச் சொல்லவும் இங்கே ஒருத்திக்கு வாய் இருந்தது. எங்கள் சந்தையில் அப்படி ஒரு வாய் இருந்திருந்தால் அதை மறுநாள் உயிரோடு பார்த்திருக்க மாட்டோம். இதைத் தங்கச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப வரமாட்டியோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஆடிக் கடைசி ஞாயிறு திரும்பக் கூழ் ஊற்றினார்கள். இந்தத் தடவை எல்லாம் சில்வர் பாத்திரம். பூசாரி கற்பூரம் காட்டி முடித்தும் ஒருவரும் கிண்ணத்தை நீட்டவில்லை. வரிசை நின்றது, நகரவில்லை. மோகனா கூட்டத்துக்குள் தேடி, ஓரமாக நின்ற என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யம்மா, மொதல்ல நீ குடி. நீ குடிச்சா இவனுங்க வாயி தானா தொறக்கும்."

அத்தனை பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு ஒரு டம்ளரைக் குடித்து முடித்தேன். தெரு முழுதும் என் முகத்தையே பார்த்தது. நான் நிமிர்ந்ததும் பின்னாலிருந்து ஒரு ஆள், "கெழவி கெத்தா நிக்கிது, ஊத்துங்கப்பா" என்றார். சிரிப்பு எழுந்தது, வரிசை அசைந்தது. மோகனா கரண்டியை என் கையில் திணித்துவிட்டு வெங்காயம் எடுக்கப் போனாள்.

ஊற்றிக்கொண்டு இருக்கையில் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. இந்த நேரத்தில் கூப்பிடுகிறவள் தங்கச்சிதான். "பொறு பிள்ளை, வாறன்" என்று இடுப்பைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு முன்னால் கிண்ணத்தோடு நின்ற பெண், தன்னைச் சொன்னதாக நினைத்து, நீட்டிய கை நீட்டியபடியே நின்றாள்.